நடுவில் நின்ற கைப்பிடி

கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கரண்ட் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. அன்றிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒயரோடுதான் பிழைப்பு. கடைசி இருபத்திரண்டு வருஷம் ஒரே கட்டடம். ரத்தம், சிறுநீர், சதைத்துண்டு என்று மனுஷன் உடம்பிலிருந்து எதை எடுத்துக் கொடுத்தாலும் சோதித்து ரிப்போர்ட் தருகிற லேப் அது. நாலு மாடி, பன்னிரண்டு ஏசி, ஒரு ஜெனரேட்டர், ஒரு யூபிஎஸ், இவ்வளவுக்கும் நான் ஒருத்தன். அங்கே எனக்குப் பெயர் ‘ஃபியூஸ்’. பார்க்கிற வேலையால் வந்ததா, வாயால் வந்ததா என்று நான் விசாரித்ததில்லை.

சர்வர் பார்க்கிறவர் என் மாப்பிள்ளை. அவரை அந்த வேலையில் நான் சேர்த்துவிடவில்லை. அவராக வந்தார். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த என் மகளைப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்து, “உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்றார். ஏசி ஓடவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவர்மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது. நம்பிக்கையும் கிடையாது. கை அழுக்காகாமல் வேலை செய்கிறவனை நான் நம்புவதில்லை.

என் பெண்டாட்டி போன பிறகு ராத்திரிச் சாப்பாடு மகள் வீட்டில்தான். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. இரண்டாவது சர்வர் வந்த வாரம், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மாப்பிள்ளை எனக்கு விளக்கினார்.

“ஒண்ணு முதல் மாடியில, இன்னொண்ணு மூணாம் மாடியில இருக்கும் மாமா. பெரிய சர்வர்ல எதை எழுதினாலும் அடுத்த நொடியே சின்னதுலயும் எழுதிக்கும். பெரியது படுத்துட்டா இருபது செகண்ட்ல சின்னது எந்திரிச்சு வேலையைக் கையில எடுத்துக்கும். கவுண்டர்ல நிக்கிற ஆளுக்குத் தெரியவே தெரியாது.”

“பெரியவன் செத்துட்டான்னு சின்னவனுக்கு யார் போய்ச் சொல்லுவா?”

“யாரும் சொல்ல வேணாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒயர் போகுது. ‘இருக்கியா, இருக்கியா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் வரலைன்னா ஆள் போயிட்டான்னு அர்த்தம்.”

“அப்போ ரெண்டு நாள் நான் போன் எடுக்கலைன்னா எனக்கும் மாலை வாங்கிடுவீங்க.”

மகள் அடுப்படியிலிருந்து கத்தினாள். “நீங்களாவது, சும்மா இருக்கிறதாவது! இருபது செகண்ட் யாரையும் திட்டாம இருந்தீங்கன்னா நானே ஆம்புலன்ஸ் கூப்பிடுவேன்பா.”

நான் விடவில்லை. “உங்க சாமான் பொய் சொல்லும் மாப்பிள்ளை. பச்சை லைட்டைக் காட்டிக்கிட்டே உள்ளே செத்துக் கிடக்கும். என் சாமான் பொய் சொல்லாது. முன்னாடி ஒரு உதவியாள் இருந்தான். பெரிய பிரேக்கரை அவனே இறக்கிட்டு வெளியே போய்ச் சுத்திட்டு வந்து, ‘தானா விழுந்துடுச்சுண்ணே’ன்னான். போய்ப் பார்த்தா கைப்பிடி அடி மட்டம் வரைக்கும் இறங்கியிருக்கு. தானா விழுந்தா நடுவுல வந்து நிக்கும், கீழ அழுத்திட்டுத்தான் மேல ஏத்த முடியும். ஆள் இறக்கினாத்தான் அடிக்குப் போகும். அன்னைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

“அது எனக்குத் தெரியாதே மாமா” என்றார். நன்றாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பழக்கம் அவரிடம் உண்டு. நான் சொல்வதை என் மகளைவிட அவர் கவனமாகக் கேட்பார். அதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைப்பார்கள். லேப் மூடியிருக்கும். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பெரியவனுக்குக் கரண்ட் போகிற பிரேக்கரை இறக்க வேண்டும். சின்னவன் எழுந்துவிட்டானா என்று மாப்பிள்ளை பார்த்துச் சொல்ல, மேனேஜர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு ஒரு தாளில் மூன்று பேரும் கையெழுத்துப் போடுவோம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஏன் தவறப்போகிறது? வெள்ளி, சனி இரண்டு நாளும் மாப்பிள்ளை சின்னவன் பக்கத்திலேயே கிடப்பார். குப்பையைத் துடைத்து, இடம் பண்ணி, விட்டுப்போனதையெல்லாம் எழுதவைத்து, நிறுத்திக் கிளப்பி, தயாராக வைத்திருப்பார். விருந்தாளி வருகிற அன்றைக்கு மட்டும் வீட்டைக் கூட்டுகிற கதைதான்.

“ஒரு நாள் சொல்லாம இறக்குறேன் சார். அப்போ எந்திரிக்கிறானான்னு பார்ப்போம்” என்றேன் மேனேஜரிடம்.

“பெரியவரே, வேலை நேரத்துல ஒரு நிமிஷம் நின்னாலும் நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். தாள்ல ஓகேன்னு இருக்குல்ல? போடுங்க கையெழுத்தை.”

போட்டேன். ஆறு தடவை போட்டிருக்கிறேன். என் கையெழுத்து பெரிதாக இருக்கும், கட்டத்துக்குள் அடங்காது.

திங்கட்கிழமை ஆனால் இரண்டு சர்வர் அறையிலும் ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவேன். அப்படித்தான் சின்னவனின் நெற்றியில் பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறியதைப் பார்த்தேன். அடுத்த திங்களும் ஆரஞ்சு. அதற்கு அடுத்ததும் ஆரஞ்சு.

“மாப்பிள்ளை, மேல சின்னவனுக்கு ஆரஞ்சு எரியுதே?”

“அது ஒண்ணும் இல்ல மாமா. பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

ஒன்றும் இல்லாததற்கு எவனும் விளக்கு வைக்க மாட்டான். ஆனால் அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் நூறு வார்த்தை சொல்வார், அதில் தொண்ணூறு எனக்குப் புரியாது. மீதிப் பத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆறாவது திங்கட்கிழமையும் ஆரஞ்சுதான் எரிந்தது.

அதற்கு மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே ஏதோ நம் கையைவிட்டுப் போகப்போகிறது என்று அர்த்தம்.

“வயசு தாண்டியும் வருஷா வருஷம் உங்களுக்கு நீட்டிச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கோம். இந்தத் தடவை நீட்டிக்கிறதா இல்ல. ரிப்பேர்னா வெளியாளைக் கூப்பிட்டுக்கலாம்னு இருக்கோம்.”

“நடுவுல கரண்ட் போச்சுன்னா?”

“அதான் உங்க மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்திருக்காரே.” ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘எந்த ஒரு பக்கம் மின்சாரம் நின்றாலும் பணி நிற்காது. உடனடியாக ஆள் வரவேண்டிய அவசியம் ஏற்படாது.’ கீழே மாப்பிள்ளை கையெழுத்து. கோழி நடந்தது மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி மகள் வீட்டுக்குப் போகவில்லை. மகள் போன் செய்தாள். வயிறு சரியில்லை என்றேன். பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது, “மாத்திரை ஏதாவது கொண்டு போய்க் கொடுக்கவா?” வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வேலையைப் பிடுங்கியவன் மாத்திரையோடு வருகிறான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். இருபது செகண்டில் எழுந்துவிடுவானாம். ஆறு வாரமாக ஆரஞ்சு எரிகிறவன் எப்படி எழுந்திருப்பான் என்று நானும்தான் பார்க்கிறேன்.

மறுநாள் புதன். மதியம் இரண்டரை மணிக்குக் கவுண்டரில் கூட்டம் வடிந்துவிடும். மின் போர்டு இருக்கிற சின்ன அறை கவுண்டருக்குப் பின்னால்தான். கதவில் ஒரு கண்ணாடி, அதன் வழியாகப் பார்த்தால் கவுண்டர் பெண்ணின் தோளும் அவள் திரையும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டேன். பெரியவனுக்கு இரண்டு பவர் ஒயர் உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று செய்தவன் வைத்திருக்கிறான். இரண்டாவது யூபிஎஸ் வாங்கித் தரவில்லை என்பதால் அந்த இரண்டையும் ஒரே பிரேக்கரில் கொண்டுவந்து கட்டியவன் நான்.

கைப்பிடியை இறக்கினேன். அடி வரைக்கும்.

கண்ணாடியில் முகத்தை வைத்து எண்ணினேன். கவுண்டர் பெண் விசைப்பலகையைத் தட்டினாள். திரை அசையவில்லை. பக்கத்துப் பெண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பத்து, பதினொன்று. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைக்க என்ன இருக்கிறது? பதினெட்டு, பத்தொன்பது. திரை வந்துவிட்டது. அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்த ஆள் காசைக் கொடுத்தான், அவள் ஸ்டிக்கர் அடித்துக் குழாயில் ஒட்டினாள். ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் ஓடியது.

முகத்தில் கரியைப் பூசிய மாதிரி ஆகிவிட்டது. கைப்பிடியை உடனே ஏற்றினால் பெரியவன் மறுபடி கிளம்புவதை மாப்பிள்ளை மேலே கவனித்துவிடுவார், அரை மணி கழித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். இரண்டு டீ குடித்தேன். மாப்பிள்ளையிடம் சரக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். முழுசாக இல்லை, பாதி ஒத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்தபோது கவுண்டரில் ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயசிருக்கும், கழுத்தில் துணி சுற்றியிருந்தார்.

“உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா” என்றாள் கவுண்டர் பெண்.

“அது எப்படிம்மா? தொண்டையில கட்டி, சதை எடுத்துக் கொடுத்து ஆறு வாரம் ஆகப்போகுது, ரெண்டு தடவை நாள் தள்ளிட்டீங்க. இன்னைக்கு ரிசல்ட் வரும்னு நீதானே சொன்னே?”

“சீட்டு இருக்கா?”

கொடுத்தார். நம்பரைத் தட்டியதும் திரையில் ஒரு ஆண் பெயர் வந்தது. சர்க்கரைச் சோதனை, இன்று மதியம் இரண்டு ஐம்பது. கவுண்டர் பெண் திரும்பத் திரும்பத் தட்டினாள். அந்த ஆண் அங்கேயே நாற்காலியில் பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. சின்னவன் நாற்பத்தொரு நாளாக எதையுமே எழுதிக்கொள்ளவில்லை. அவனிடம் எழுத இடமில்லை. புதிதாக இரண்டு கிளை திறந்ததில் பெரியவனிடம் சேர்ந்த சரக்கு சின்னவன் வயிற்றுக்குள் அடங்கவில்லை. ஆரஞ்சு விளக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் ‘இருக்கியா’ என்று கேட்கிற வேலையை மட்டும் அவன் விடவில்லை. பதில் வரவில்லை என்றதும் எழுந்து வேலையை வாங்கிக்கொண்டான், நாற்பத்தொரு நாளுக்கு முந்தின ஆளாக. எந்த நம்பரில் நின்றானோ அதற்கு அடுத்த நம்பரிலிருந்து எண்ண ஆரம்பித்தான். அதெல்லாம் ஏற்கனவே கொடுத்து முடித்த நம்பர்.

குழாயில் பெயர் எழுதுகிற வழக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது. கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர், கீழே நம்பர். எந்த நம்பர் எந்த மனுஷன் என்பது சர்வருக்குத்தான் தெரியும். அரை மணி நேரத்துக்குள், கிளைகளையும் சேர்த்து, முப்பது பேருக்கு இன்னொருத்தர் நம்பரைக் கொடுத்து முடித்திருந்தார்கள்.

நான் போர்டு அறைக்கு ஓடினேன். மாப்பிள்ளை அங்கே நின்றிருந்தார். அவர் கை கைப்பிடிமேல் இருந்தது. கைப்பிடி மேலே ஏறியிருந்தது.

“ட்ரிப் ஆயிருந்துச்சு மாமா, தானா விழுந்திருக்கு. போட்டுட்டேன்.”

“அப்படியா” என்றேன். அவர் அவசரத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்குத் தோதாக இருந்தது.

அவர் மாடிக்கு ஓடினார், நானும் பின்னால் ஏறினேன். பெரியவனை எழுப்பினால் எல்லாம் சரியாகிவிடும், நாற்பத்தொரு நாளும் அவனிடம்தான் இருக்கிறது. பட்டனை அழுத்தினார். காற்றாடி சுற்றியது. உள்ளே டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினார். அதே சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடின பழைய மோட்டாரை நிறுத்தினால் பேரிங் பிடித்துக்கொள்ளும், மறுபடி சுற்றாது. ஓடுகிறவரைக்கும் ஓடும். அதனால் நிறுத்தாதே என்று பார்க்கிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். போன ஒத்திகைக்குப் பிறகு அவன் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றதும் இரண்டு நிமிஷம்தான், சூடு ஆறுவதற்குள் கிளப்பிவிடுவோம். இன்றைக்கு நான் இரண்டு டீ குடிக்கிற நேரம் ஆறப்போட்டிருந்தேன்.

“உள்ள எழுதி வைக்கிற டிஸ்க் ரெண்டு இருக்குல்ல? இன்னொண்ணு?” என்றேன்.

“ரெண்டும் ஒரே நாள்ல ஒரே பெட்டியிலேருந்து எடுத்துப் போட்டது மாமா. ரெண்டுக்கும் ஒரே வயசு.” அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அறைத் தரை முழுக்கத் தூசி. திங்கட்கிழமை நான் ஃபில்டர் கழற்றியபோது கொட்டியது.

டிஸ்கைக் கழற்றி எங்கெங்கோ அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. ரிப்போர்ட் கைக்குப் போனவர்கள் தப்பித்தார்கள். பாதியில் நின்ற சோதனைகள் முன்னூற்றுப் பன்னிரண்டு. யாருடையது என்று தெரியாமல் குழாய்களையும் சதைத்துண்டுகளையும் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார்கள். அந்தப் பைகளை வண்டிவரைக்கும் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். தொண்டைக் கட்டி அம்மாவை மறுபடி வரச் சொன்னார்கள். வந்தார். “மறுபடியும் தொண்டையிலயாம்மா குத்துவீங்க?” என்று கேட்டார். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. சத்தம் போட முடியாத தொண்டை. நான் அந்தப் பக்கம் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவன் ஏணியோடு திரும்பி நடந்தேன்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கேட்டார், இன்னொருவர் எழுதினார். மேனேஜர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை, நான், இரண்டு பேரும் நின்றோம்.

“நகல் எடுக்கிறது நின்னுபோனது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“அன்னைக்கே தெரியும் சார். புது டிஸ்க் வேணும்னு மூணு தடவை மெயில் போட்டிருக்கேன்.”

“எனக்கு ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வருது” என்றார் மேனேஜர். “நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லலாம்ல? பக்கத்து அறையிலதானே இருக்கேன்?”

எழுதுகிறவர் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “போன மாசம் கொடுத்த குறிப்புலயும் எழுதியிருக்காரு. ‘புது டிஸ்கும் இரண்டாவது யூபிஎஸ்ஸும் வாங்கிப் போட்டால் மட்டுமே கீழ்க்கண்டவை பொருந்தும்.’ இது முதல் பக்கம்.” தாளைத் திருப்பினார். “இது ரெண்டாம் பக்கம். ‘எந்த ஒரு பக்கம் மின்சாரம் நின்றாலும் பணி நிற்காது…’”

அவர் மேலே படித்துக்கொண்டே போனார். என் காதில் விழவில்லை. எனக்குக் காட்டியது இரண்டாம் பக்கம். முதல் பக்கம் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஊரில் ஒருத்தனையும் நம்பாத நான், அந்த ஒரு தாளை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறேன். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

“சரி. நகல் நின்னுடுச்சு, தெரிஞ்சுது. அப்படின்னா சின்ன சர்வர் தானா எந்திரிக்கிறதை ஏன் அணைச்சு வைக்கல?”

“வச்சிருக்கணும் சார்” என்றார் மாப்பிள்ளை. “என் தப்பு. ரெண்டு நாள்ல டிஸ்க் வந்துடும்னு நினைச்சேன்.”

கேட்டவர் தலையாட்டினார். “பிரேக்கரை முதல்ல பார்த்தது நீங்கதான்?”

“ஆமா சார்.”

“எந்த நிலையில இருந்துச்சு? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. கைப்பிடி எங்க இருந்துச்சு?”

விஷயம் தெரிந்த ஆள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை.

“நடுவுல நின்னுச்சு சார். கீழ அழுத்திட்டு அப்புறம்தான் மேல ஏத்தினேன்.”

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தார். இறக்கியது நான்தான் என்று அவருக்குத் தெரியும் என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

“நீங்கதானே மின்சாரம் பார்க்குறீங்க?” என்று விசாரிக்கிறவர் என் பக்கம் திரும்பினார். “தானா விழுந்ததுன்னு நீங்களும் சொல்றீங்களா?”

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

“ஆமா சார். பழைய பிரேக்கர்.”

எழுதுகிறவர் இரண்டு பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒத்துப்பார்த்தார். ஒன்றாக இருந்தது. இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் அது சரி என்பதுதானே அவர்கள் கணக்கு. என்னைப் போகச் சொன்னார்கள்.

அந்த வாரமே மாப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்பினார்கள். மேனேஜரை இன்னொரு கிளைக்கு மாற்றினார்கள், இதைவிடப் பெரிய அறை என்று கேள்வி. எனக்கு இரண்டு வருஷம் நீட்டித்து ஆர்டர் வந்தது. பிரேக்கர் தானாக விழுகிற கட்டடத்தில் கரண்ட் ஆள் இல்லாமல் முடியாது என்று அந்த இரண்டு பேரும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய பிரேக்கரை எடுத்துவிட்டுப் புதுசு போடும்படியும் எழுதியிருந்தார்கள். போட்டேன்.

நடந்தது துறை முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்தில் எங்கேயும் மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை. எட்டு மணி நேரப் பயணத்தில் ஒரு இடம் கிடைத்தது, அங்கே சர்வர் வேலை இல்லை, பிரிண்டர் ரிப்பேர். வீட்டைக் காலி செய்த அன்று லாரியில் பீரோவை ஏற்றக் கைகொடுத்தேன். மகள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள்.

“ஒன்பது வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தீங்களேப்பா, அவர் சாமானை நம்ப முடியாதுன்னு. நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. இப்போ நிம்மதியா?”

பாத்திர மூட்டையை எடுக்க உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கை முழுக்க அழுக்கு.

“ஏன் மாப்பிள்ளை அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

“உங்களைச் சொல்லியிருந்தா என் வேலை எனக்குத் திரும்பக் கிடைக்குமா மாமா? நாற்பத்தொரு நாள் நின்னது என் பொறுப்பு. அன்னைக்கு நீங்க இறக்கலைன்னா இன்னொரு நாள் தானாவே விழுந்திருக்கும்.” முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். “ரெண்டு பேரும் படுத்துட்டா அப்புறம் யாரு இருக்கா? ஒருத்தராவது நிக்கணும்ல.”

“எனக்காகவா?”

“உங்களுக்காக ஒண்ணும் இல்ல.” முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இல்லை. “அவளுக்கு இருக்கிறது ஒரே அப்பா. புருஷன் கையாலாகாதவன்னு தெரிஞ்சுபோச்சு, அதை அவ தாங்கிக்குவா. இதையும் சேர்த்து அவ தலையில வைக்க வேணாம். நான் சொல்ல மாட்டேன். மனசு கேக்கலைன்னு நீங்க போய்ச் சொல்லிடாதீங்க. உங்க மனசு லேசாகணும்னு அவ எதுக்குச் சுமக்கணும்?”

மகள் மூட்டையோடு வந்தாள். லாரி கிளம்பியது. எங்கே போய்ச் சேர்ந்தார்கள், வீடு எப்படி என்று நான்தான் மூன்று தடவை போன் செய்து கேட்க வேண்டியிருந்தது.

இப்போது ராத்திரிச் சாப்பாடு கடையில். லேப்பில் புது சர்வர்கள், புதுப் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் நான்தான் இறக்குகிறேன், நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். தொண்டைக் கட்டி அம்மாவுக்கு என்ன ரிசல்ட் வந்தது என்று கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன். அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்றாள். சரிதான்.

போன வாரம் மகளே போன் செய்தாள். ஆறு மாதத்தில் அவளாகச் செய்தது அதுதான் முதல்.

“அப்பா, அவரை ஒரு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. சர்வர் வேலை. எல்லாம் நல்லாத்தான் போச்சாம். கடைசியா அந்த பிரேக்கர் ஏன் விழுந்துச்சுன்னு கேட்டாங்களாம். இவர் தெரியலைன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. காரணமே தெரியாம வந்து நிக்கிறியேன்னு அனுப்பிட்டாங்க. நீங்கதானே கரண்ட் பார்க்குற ஆளு? ஏன்பா அது விழுந்துச்சு?”

போனைக் காதிலிருந்து எடுத்து இன்னொரு காதில் வைத்தேன்.

“பழைய பிரேக்கர்மா. உள்ள தேஞ்சுபோயிருக்கும்.”

“முன்னாடியே மாத்தியிருக்கலாம்லப்பா?”

“மாத்தியிருக்கலாம்.”

“இப்போ மாத்திட்டீங்களா?”

“மாத்திட்டேன்.”

“சரி, அவர்கிட்ட சொல்றேன். அடுத்த தடவை கேட்டா இதையே சொல்லட்டும்” என்றாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை, வைத்துவிட்டாள்.

கழற்றிய பிரேக்கர் என் வீட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. லேப்பின் பழைய இரும்புச் சாமானோடு போட்டிருக்க வேண்டும், யாராவது எடுத்துச் சோதித்துவிடுவார்களோ என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கைப் பார்த்தேன். கைப்பிடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். டக்கென்று அடி வரைக்கும் போகிறது. அதில் எந்தக் கோளாறும் இல்லை.